கஞ்சமலைத் துருவும் நாமக்கல் முட்டையும்

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை நீட்டிப் படுத்திருக்கிறது. உள்ளே பட்டை பட்டையாக மேக்னடைட் என்கிற கறுப்பு இரும்புக் கல். அடிவாரத்தில் சித்தர் கோயில். அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. மூலிகை தேடி வந்த சித்தரோடு வயசான சீடர் ஒருவரும் வந்தார். குரு வெளியே போன நேரத்தில் சீடர் சோறு பொங்கினார். கரண்டி இல்லை. பக்கத்துச் செடியில் ஒரு குச்சியை ஒடித்துக் கிளறினார். சோறு அத்தனையும் கறுத்துப்போயிற்று. குரு பார்த்தால் தொலைந்தோம் என்று பயந்து, கறுத்த சோற்றைத் தானே தின்று தீர்த்தார். தின்ற கிழவர் வாலிபனாகிவிட்டார்.

வாலிபனான சமாச்சாரத்தைச் சித்தரிடமே விட்டுவிடுகிறேன். சோறு கறுத்ததற்கு மட்டும் ஒரு சப்பையான விளக்கம் என்னிடம் இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள். இரும்பு மலையில் ஊறிய தண்ணீர், துவர்ப்பான குச்சி, வேறென்ன வேண்டும்? ஆனால் துவர்ப்பு பிடித்துக் கறுக்க வைத்த இரும்பு குடலைத் தாண்டி உள்ளே ஏறாது. ஆக, மலை நிறைய இரும்பு இருந்தும் உடம்புக்கு ஒன்றும் சேராத முதல் சாப்பாடு கஞ்சமலையில்தான் சமைக்கப்பட்டது. அந்த மரபை இந்த வட்டாரம் இன்றுவரை கைவிடவில்லை.

உடம்புக்குள் போன இரும்பு என்ன ஆகிறது? துருப்பிடிக்கிறது. கேட்க அபசகுனமாக இருந்தாலும் அதுதான் நடக்கிறது. வெளியே துருப்பிடித்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகிற சரக்கு, உள்ளே துருப்பிடித்தால்தான் வேலைக்குப் போகிறது. இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானைப் பறிகொடுத்திருந்தால் அதற்கு ஃபெரஸ் என்று பெயர். மூன்றாவதையும் பறிகொடுத்தால் ஃபெரிக். ஃபெரஸ் கரையும், அலையும், வம்பு வளர்க்கும். ஃபெரிக் என்பது துரு, வைத்த இடத்தில் கிடக்கும். குடலுக்குள் நுழைய ஃபெரஸ் வேஷம். இரத்தத்தில் பயணம் செய்ய ஃபெரிக். ஹீமோகுளோபினுக்குள் உட்கார்ந்து பிராணவாயு சுமக்க மறுபடி ஃபெரஸ். கல்லீரலில் சேமிப்புக்கு மறுபடி ஃபெரிக். இத்தனை வேஷமும் போடும் இரும்பு மொத்தமாக 3, 4 கிராம்தான். கதவில் அடிக்கிற ஒரு ஆணிக்குச் சரியாக வரும். இந்த ஆணிக் கதையைக் கண்டுபிடிக்க உலகம் நானூறு வருஷம் எடுத்துக்கொண்டது. அந்த நானூறு வருஷத்தில் பெரியவர்கள் அடித்த கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

1554. ஜெர்மனியில் யோஹானஸ் லாங்கே என்று பெரிய வைத்தியர். நண்பரின் மகள் வெளுத்துப்போயிருக்கிறாள், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்கவில்லை. லாங்கே யோசித்தார். இது கன்னிப்பெண்களுக்கு வரும் நோய் என்றார். மருந்து? சீக்கிரம் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்று எழுதினார். நம் கொங்குச் சீமைப் பெரியப்பாமார் யாரும் லாங்கேயைப் படித்ததில்லை. இருந்தும் அதே மருந்துச்சீட்டைத்தான் இன்றைக்கும் எழுதுகிறார்கள்: “ஒரு கண்ணாலத்தப் பண்ணி வெச்சா எல்லாஞ் செரியாப் போயிரும்.” ஒரு பிரசவம் ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பைத் தாயிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பது லாங்கேவுக்கும் தெரியாது, பெரியப்பாவுக்கும் தெரியாது. இருக்கிற இரும்பில் கால் பங்கை உருவுகிற வைத்தியம் அது.

பிரசவம் ஆன பிறகு நம்மவர்கள் இரும்பைக் கொண்டுவந்தார்கள், அதை மறுக்கவில்லை. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாளோ ஆணியோ ஒரு இரும்புத் துண்டு. பேய் அண்டாது. உள்ளே தேவைப்பட்ட சரக்கை வெளியே வைத்துவிட்டு, அவள் சோர்ந்து கிடப்பதற்குக் காத்துக்கருப்பு காரணம் என்றார்கள். இரண்டடி தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் தப்பு.

உள்ளே அனுப்புவதில் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் வைத்தியர் தாமஸ் சிடன்ஹாம் இரும்பு அரப்பொடியை ஒயினில் ஊறப்போட்டு, வெளுத்த பெண்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். ஒயினின் புளிப்பு இரும்பைக் கொஞ்சம் கரைக்கும். பெண்கள் முகத்தில் சிவப்பு ஏறியது. அதில் இரும்பின் பங்கு எவ்வளவு, ஒயினின் பங்கு எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் நாட்டு வைத்தியர்களிடம் இதைவிடத் தேர்ந்த சரக்கு இருந்தது. வெளுப்பு நோய்க்குப் பாண்டு என்று பெயர் வைத்து, அதற்கு அயச்செந்தூரம், மண்டூரம், அன்னபேதிச் செந்தூரம் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். மண்டூரம் என்பது இரும்பு உருக்கிய இடத்தில் கிடக்கும் பழங்கிட்டம். ஊதுலை எரிந்த இந்த மாவட்டத்து ஊர்களில் கிட்டத்துக்குக் குறைவில்லை. அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட், பச்சைப் படிகம். எலுமிச்சம் பழச்சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, அகலில் வைத்துச் சீலைமண் செய்து புடம் போட்டால் செக்கச்செவேலென்று செந்தூரம் வரும். இப்போது வேதியியலோடு சேர்த்துப் பாருங்கள். குடல் விரும்புகிற ஃபெரஸைக் காசு கொடுத்து வாங்கி, நெருப்பில் வாட்டி ஃபெரிக்காக்கி, அதே குடலுக்குக் கொடுத்து, நீயே திருப்பி மாற்றிக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

சிரித்துவிட்டு ஓடவும் முடியாது. பச்சை அன்னபேதியை அப்படியே விழுங்கினால் வயிற்றைப் பிசையும், குமட்டும். புடம் போட்டால் சாதுவாகிவிடும். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற சத்து மாத்திரை புடம் போடாத அதே அன்னபேதிதான். பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதை வாங்கி ஜன்னல் வழியே வீசுவதற்குக் காரணமும் அதே வயிற்றுப் பிசைவுதான். வைத்தியர் வயிற்றைப் பார்த்தார், டாக்டர் இரத்தத்தைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஜன்னல்.

சரி, இரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்று நிரூபித்தது யார்? 1746ல் இத்தாலியின் பொலோஞா நகரத்து வின்சென்சோ மெங்கினி. இரத்தத்தை வாங்கினார், காயவைத்தார், எரித்தார், பொடித்தார், காந்தத்தைக் காட்டினார். பொடி எழுந்து ஒட்டிக்கொண்டது. கஞ்சமலைப் பக்கத்து ஓடைகளில் காந்தத்தை மணலில் உருட்டி, கறுப்பு மணலைக் கொத்தாக எடுத்து விளையாடாத பையன் உண்டா? அதே விளையாட்டு, இவர் இரத்தத்தில் ஆடினார். ஒரு விஷயம்: இரத்தத்தை அப்படியே காந்தத்திடம் காட்டினால் காந்தம் திரும்பியும் பார்க்காது. மெங்கினி எரித்ததால்தான் இரும்பு ஆக்சைடாகிக் காந்தத்துக்குப் பிடித்தமானதாயிற்று. ஆக, உடம்பிலிருந்த இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அளக்கலாம் என்ற உத்தியின் பிள்ளையார் சுழி இதுதான். மெங்கினிக்கே தெரியாமல் போட்ட சுழி.

இதே நேரத்தில் சேலத்தில் நேர் எதிரான வேலை நடந்துகொண்டிருந்தது. உடம்பு இரும்பில் பிராணவாயுவை ஏற்றுகிறது. கஞ்சமலைக் கொல்லர்கள் கல்லிலிருந்து பிராணவாயுவைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கரி, துருத்தி, ஓர் ஆள் உயர மண் உலை. சேலத்து எஃகின் பெருமை கேட்டு மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் துரைக்கு வேலையில் இருப்புக் கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துக் கல் கடற்கரை வரை போயிற்று, காடு கரியாயிற்று, கம்பெனிக் கடன் மலையாயிற்று, லாபம் மட்டும் வரவில்லை. துரை இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் முறையைக் கொஞ்சம் திருப்பிப்போட்டு, பைசா தராமல் செய்துகொண்டார்கள். துரை வழக்குப் போட்டார். வழக்கு அவரைவிட நீண்ட ஆயுளோடு இருந்து, அவர் இறந்த பிறகு 1855ல் பிரபுக்கள் சபையில் தோற்றது. இரும்பை விட்டுப் பிராணவாயுவை விரட்டப் போனவரின் பணமெல்லாம் வக்கீல்களிடம் போனதுதான் மிச்சம்.

மருந்து உலகம் அதற்குள் மாத்திரைக்கு வந்துவிட்டது. 1832ல் பிரான்சின் பியேர் பிளோ, ஃபெரஸ் சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து உருட்டினார். பெண்கள் தேறினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், ஒரு பேராசிரியரைத் தவிர. பாசல் நகரத்து குஸ்தாவ் ஃபான் புங்கே ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார்: தாது இரும்பு குடலில் ஏறவே ஏறாது, உணவில் சேர்ந்த இரும்புதான் ஏறும். அப்படியானால் மாத்திரை தின்றவர்கள் எப்படித் தேறினார்கள் ஐயா என்று கேட்டால், மாத்திரை இரும்பு குடலிலுள்ள கந்தக வாயுவைத் தான் ஏற்றுக்கொண்டு, நல்ல உணவு இரும்பைக் காப்பாற்றுகிறது என்றார். சித்தாந்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும், எந்தப் பக்கம் தள்ளினாலும் விழாது. கடைசியில் 1893ல் எடின்பரோவின் ரால்ஃப் ஸ்டாக்மன் குடலையே சுற்றிக்கொண்டு போனார். வெளுத்த பெண்களுக்கு இரும்பைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். தேறினார்கள். குடலில் கந்தகமும் இல்லை, சோறும் இல்லை, சித்தாந்தமும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் நாய்களுக்குக் கெட்ட காலம் பிறந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் விப்பிள் நாய்களிடம் இரத்தத்தை எடுத்து எடுத்து வெளுக்க வைத்து, எதைத் தின்றால் சீக்கிரம் தேறுகின்றன என்று பார்த்தார். ஈரல் ஜெயித்தது. 1934ல் நோபல் பரிசில் விப்பிளுக்கு ஒரு பங்கு கிடைத்தது, நாய்களுக்கு ஈரல். அவருடைய குழுவிலிருந்த பால் ஹான் இன்னும் ஒரு படி மேலே போனார். எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானில் செய்த கதிரியக்க இரும்பை 1930களின் கடைசியில் நாய்க்கு ஊட்டினார். இப்போது ஒவ்வொரு அணுவும் தான் எங்கே இருக்கிறேன் என்று கருவியில் கத்திச் சொன்னது. வெளுத்த நாய் இரும்பை அள்ளி எடுத்துக்கொண்டது. தெம்பான நாய் வேண்டாம் என்று வெளியே தள்ளியது. ஏறக்குறைய அதே நேரத்தில் இங்கிலாந்தில் மெக்கான்ஸும் விடோசனும், உள்ளே போன இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழியே கிடையாது என்று சொன்னார்கள். வாசலில் மட்டும்தான் காவல். நாளைக்கு 1, 2 மில்லிகிராம் உள்ளே, அவ்வளவுதான். மற்ற 20 சொச்சம் மில்லிகிராம் பழைய சிவப்பணுக்களை உடைத்து எடுத்து மறுபடி போடுவது.

ஹானைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் வேடிக்கை கிடையாது. 1945 முதல் 1949 வரை டென்னசியின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு, என்ன என்று சொல்லாமல், கதிரியக்க இரும்பு கலந்த பானம் கொடுக்கப்பட்டது. இரும்பு எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதற்காக. அரை நூற்றாண்டு கழித்து வழக்கு நடந்து, 1998ல் நஷ்டஈடு கொடுத்து முடித்தார்கள். இப்போது இதே அளவைகளைக் கதிரியக்கமில்லாத இரும்பு ஐசோடோப்புகளை வைத்துச் செய்கிறார்கள், கேட்டுவிட்டுச் செய்கிறார்கள்.

இனி நாமக்கல். 1997ல் சேலத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். மலையும் இரும்பும் சேலத்துக்கு, கோழியும் முட்டையும் நாமக்கல்லுக்கு என்று பாகம் பிரிந்தது. உடம்பு இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதை அளக்கும் கலையில் இரண்டு பங்காளிகளும் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள் என்பது பாகப்பிரிவினை எழுதியவர்களுக்குத் தெரியாது.

1944ல் அமெரிக்காவில் ஆர்தர் ஷேடும் லியோனா கரோலினும் பச்சை முட்டை வெள்ளைக்கருவில் பாக்டீரியா வளர மறுப்பதைக் கண்டார்கள். எதை எதையோ போட்டுப் பார்த்தார்கள். இரும்பைப் போட்டதும் பாக்டீரியா செழித்தது. காரணம், வெள்ளைக்கருவிலுள்ள ஒரு புரதம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுகிறது. பிடித்த மாத்திரத்தில் அது இளஞ்சிவப்பாகிறது. 1946ல் இருவரும் மனித இரத்தத்திலும் அதே குணமுள்ள புரதம் ஒன்றைக் கண்டார்கள். அடுத்த வருஷம் ஸ்வீடனின் ஹோம்பெர்க்கும் லாரெலும் அதற்கு டிரான்ஸ்பெரின் என்று பெயர் வைத்தார்கள். இரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகிற புரதம் இதுதான். இதற்கு ஒரு பிடிவாதம்: ஃபெரிக் இரும்பைத்தான் கையால் தொடும். ஃபெரஸ் எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்றிக்கொள்ளாது.

நாளுக்குக் கோடிக்கணக்கில் முட்டையை லாரி ஏற்றி அனுப்பும் ஊருக்கு இது தெரிந்திருந்தால், கோழிக்குக் கோட்டை மேல் ஒரு சிலை வைத்திருக்கும். ஆனால் முட்டையைப் பற்றிப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது விளம்பரமாகிவிடும். வெள்ளைக்கரு இரும்பைப் பூட்டுகிறது. மஞ்சள்கருவில் இரும்பு உண்டு, ஆனால் ஃபாஸ்விடின் என்ற இன்னொரு புரதம் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதிகமாக வெந்த முட்டையில் மஞ்சளைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் தெரியுமே, அது மஞ்சள்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்த கூட்டு. 1989ல் சத்துணவில் முட்டை வந்தது, புரதத்துக்கு அருமை. இரும்புக்கு என்று முட்டையை நம்பினால் கோழிதான் சிரிக்கும்.

இப்போது கேள்வி இது. குடலைத் தாண்டி வருவது ஃபெரஸ். டிரான்ஸ்பெரின் ஏற்றிக்கொள்வது ஃபெரிக். நடுவில் மாற்றிக்கொடுப்பது யார்? பதில் செம்பிலிருந்து வந்தது. 1928லேயே விஸ்கான்சினில் பால் மட்டும் குடித்து வெளுத்துப்போன எலிகளுக்கு இரும்பு கொடுத்தும் தேறவில்லை, கொஞ்சம் செம்பும் சேர்த்தபோதுதான் தேறின. ஏன் என்று தெரியவில்லை. 1948ல் அதே ஹோம்பெர்க்கும் லாரெலும் இரத்தத்தில் செம்பு தாங்கிய நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். செருலோபிளாஸ்மின் என்று பெயர் வைத்தார்கள், வேலை என்ன என்று தெரியாமல் வைத்துவிட்டார்கள். அதன் வேலையைப் பதினெட்டு வருஷம் கழித்து, 1966ல், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒசாகி, ஜான்சன், ஏர்ல் ஃப்ரீடன் மூவரும் சொன்னார்கள்: இது ஃபெரஸை ஃபெரிக்காக்குகிறது. உடம்பின் துரு இயந்திரம். செம்பு குறைந்த பன்றிகளுக்கு ஈரல் நிறைய இரும்பு இருந்தும் இரத்தம் வெளுத்திருந்தது. இந்த நீலப் புரதத்தை ஊசியில் ஏற்றியதும் இரும்பு ஈரலை விட்டு இரத்தத்துக்கு வந்தது. செம்புக் குடத்தில் ஊற்றிவைத்த தண்ணீரைச் சர்வரோக நிவாரணி என்று விற்பவர்களுக்கு இந்தச் செய்தி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சாப்பாட்டிலேயே தேவையான செம்பு வந்துவிடுகிறது.

குடல் சுவரில் இதே வேலையைச் செய்யும் இன்னொரு செம்புப் புரதம் 1999ல் அகப்பட்டது. கிரேக்கக் கொல்லர் தெய்வத்தின் பெயரை வைத்து ஹெஃபஸ்டின் என்றார்கள். கஞ்சமலைக் கொல்லர்களிடம் யாரும் கேட்கவில்லை.

துரு தானாகவே பிடிக்குமே, அதற்கு எதற்கு ஒரு இயந்திரம்? தானாகப் பிடிக்கும்போது ஃபெரஸ் வம்பு செய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும் ஹைட்ராக்சில் துணுக்குகளை விடும். ஹென்றி ஃபென்டன் 1894ல் எழுதிவைத்த வினை. செருலோபிளாஸ்மின் நான்கு ஃபெரஸிடமிருந்து ஒவ்வொரு எலக்ட்ரானாக வாங்கி, நான்கையும் ஒரே மூச்சில் ஒரு பிராணவாயு மூலக்கூறுக்குக் கொடுத்து, தண்ணீராக்கி முடித்துவிடுகிறது. சண்டை இல்லை, சேதம் இல்லை. இந்தப் புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு மூளையிலும் கணையத்திலும் இரும்பு தேங்கிவிடுகிறது. ஜப்பானில் 1987ல் முதன்முதலாக எழுதிவைத்தார்கள்.

மிச்சத் துருவைச் சேமிக்கவும் இடம் உண்டு. 1937ல் செக் நாட்டு லவுஃப்பெர்கர் குதிரை மண்ணீரலிலிருந்து எடுத்த ஃபெரிட்டின். பந்து மாதிரி ஒரு புரதக் கூடு, வாசலில் ஃபெரஸைத் துருவாக்கி, உள்ளே 4500 அணுக்கள் வரை அடுக்கும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளில், துருப்பிடிக்காமலிருக்க முதலில் ரெட் ஆக்சைடு அடிப்பார்கள். ரெட் ஆக்சைடு என்பதே இரும்புத் துருதான். அடங்கிப்போன துருவை வைத்து அடங்காத இரும்பைக் காப்பாற்றும் அந்த வித்தையைத்தான் ஃபெரிட்டினும் செய்கிறது, பெயின்ட் வாடை இல்லாமல்.

அளப்பது எப்படி என்பதற்கு வருகிறேன், இங்கேதான் பங்காளிகள் சேர்கிறார்கள். ஒரு குழாயில் ஃபெரஸ் உப்பு, இரும்பு ஏற்றாத டிரான்ஸ்பெரின், ஒரு துளி சீரம், அதாவது இரத்தத்தின் தெளிநீர். செருலோபிளாஸ்மின் ஃபெரஸை ஃபெரிக்காக்க ஆக்க, டிரான்ஸ்பெரின் அதைப் பிடித்து இளஞ்சிவப்பாகிறது. எவ்வளவு வேகமாகச் சிவக்கிறது என்று 460 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால் துருப்பிடிக்கும் வேகம் தெரிந்துவிடும். வெள்ளைக்கருவில் இருக்கும் புரதமும் இதே குடும்பம், இதே பிடி, இதே நிறம். இன்னொரு வழி, 1970ல் ஸ்டூக்கி கொண்டுவந்த ஃபெரோசின். இது ஃபெரஸை மட்டும் பிடித்து ஊதாவாகும், 562ல் பார்க்க வேண்டும். மாதிரியை நேரத்துக்கு நேரம் எடுத்து ஊதா எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் எவ்வளவு துருப்பிடித்தது என்று கணக்கு. பிராணவாயு எவ்வளவு செலவாகிறது என்று மின்முனையால் பார்ப்பவர்களும் உண்டு.

தலைவலி ஒன்றுதான்: இரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. காற்றோடு விட்டால் தானே துருப்பிடித்துவிடும், பிறகு பாராட்டு யாருக்கு என்று தெரியாது. அதனால் சீரம் இல்லாத குழாய் ஒன்றையும், அசைடு போட்டுச் செருலோபிளாஸ்மினை முடக்கிய குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அவற்றில் வந்த கணக்கைக் கழிக்க வேண்டும். இந்தக் கழித்தலை மறந்துவிட்டுப் பெரிய முடிவுகளை எழுதுகிறவருக்கு அமிலம், காரம், காற்று எல்லாம் சேர்ந்து புத்தி சொல்லும்.

நம் ஊர் லேப்பில் ஹீமோகுளோபின் பார்ப்பதும் இதே வித்தைதான். 1930களில் டேவிட் டிராப்கின் வகுத்த முறைப்படி, இரத்தத்தில் ஃபெரிசயனைடு போட்டால் ஹீமோகுளோபினின் ஃபெரஸ் இரும்பு ஃபெரிக்காகிறது. கூடவே இருக்கிற சயனைடு அதைப் போய்க் கட்டிக்கொள்கிறது. கிடைக்கிற நிறத்தை 540ல் பார்க்கிறார்கள். இப்போது பல இயந்திரங்கள் சயனைடு இல்லாமலே முடிக்கின்றன, ஆனால் உலகத் தரத்துக்கு அடையாளம் அந்த முறைதான்.

சயனைடு என்றதும் யாரும் பதறத் தேவையில்லை. இந்த வட்டாரம் சயனைடைத் தோட்டத்தில் பயிர் செய்கிற வட்டாரம். 1943ல், யுத்தத்தில் மலேயா ஜவ்வரிசி நின்றுபோன நேரம், சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்ய இறங்கினார். அன்றிலிருந்து பாயசத்துக்குப் பஞ்சமில்லை. மரவள்ளி இலையிலும் தோலிலும் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. அவிழ்த்துவிட்ட ஆடு பச்சை இலையை வயிறு முட்ட மேய்ந்தால் கால் பரப்பி விழும். சயனைடு செல்லுக்குள் இருக்கும் ஃபெரிக் இரும்பைப் போய்ப் பிடித்துக்கொள்வதால் மூச்சு முட்டுகிறது. கால்நடை மருத்துவர் என்ன செய்கிறார்? சோடியம் நைட்ரைட் ஊசி போட்டு, ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை வேண்டுமென்றே ஃபெரிக்காக்குகிறார். சயனைடு செல்லை விட்டுவிட்டு இந்தப் புதுத் துருவுக்குத் தாவுகிறது. அடுத்து தயோசல்பேட் போட்டால் சயனைடு சாதுவாகி வெளியேறுகிறது. லேப்பில் டிராப்கின் அளப்பதற்குச் செய்ததை இங்கே உயிரோடு இருக்கும் ஆட்டுக்குள் செய்கிறார்கள். அளவு மீறிப்போனால் இரத்தம் சாக்லேட் நிறமாகிப் பிராணவாயு சுமக்க ஆளில்லாமல் போகும், அதனால் எடை பார்த்துத்தான் ஊசி.

இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு சேலம் என்ன செய்தது? 1967ல் உருக்காலை கேட்டு எழுச்சி நாள் கொண்டாடியது. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி வந்தது. கஞ்சமலை அடிவாரத்திலேயே ஆலை, ஆனால் கஞ்சமலைக் கல் அதில் போகவில்லை. வெளியிலிருந்து வந்த தகட்டை உருட்டி எவர்சில்வர் செய்தார்கள். குரோமியம் முந்திக்கொண்டு ஆக்சைடாகி மேலே மெல்லிய படலம் போட்டுவிடுவதால் அதற்குத் துருப்பிடிப்பதில்லை. புளிக்குழம்பு கொதித்த இரும்புச் சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பாவது சோற்றுக்கு வந்துகொண்டிருந்தது. துருப்பிடிக்காத பாத்திரம் அதையும் நிறுத்தியது. இரும்பு மலையின் கீழே இருக்கிற ஊர், உலகத்துக்கே இரும்பு விடாத பாத்திரத்தைச் செய்து கொடுத்தது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. மலை உதவாது, முட்டை இதற்கு உதவாது, தலைமாட்டு அரிவாளும் உதவாது. கீரை, கேழ்வரகு, பயறோடு கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், புளிப்பிலுள்ள வைட்டமின் சி ஃபெரிக்கை ஃபெரஸாக்கிக் குடலுக்குள் தள்ளும். சோறு தின்ற கையோடு டீ வேண்டாம், டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழேயும், கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழேயும் போனால் இரத்தசோகை. மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கேட்டு வாங்குங்கள், ஜன்னல் பக்கம் உட்காராமல் விழுங்குங்கள்.